நாலு வருஷத்து வீடா, ஆயுள் முழுக்க அக்காவா?

அமெரிக்கக் கல்லூரியில் ‘சொராரிட்டி’ (மாணவிகள் சகோதரிகளாகச் சேரும் சங்கம்) என்றால் பலர் மனதில் வருவது கிரேக்க எழுத்து மாட்டிய பெரிய வீடு. 1870-ல் இண்டியானாவில் தொடங்கிய காப்பா ஆல்ஃபா தீட்டா அந்த ரகம். சேர விரும்பும் பெண்கள் இப்படிப்பட்ட சங்க வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போவார்கள்; சில நிமிடப் பேச்சிலேயே பிடித்திருக்கிறதா என்று இரு பக்கமும் எடைபோடும் (கிட்டத்தட்ட பெண் பார்க்கும் படலம்தான்). ஊரை விட்டு வந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்குச் சாப்பிட ஒரு மேசை, பேச ஆள் உடனே கிடைக்கும். சந்தாதான் கடிக்கும்.

1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா வேறு மாதிரி. இங்கே வீடு முக்கியமே இல்லை. பட்டம் வாங்கிய பிறகும் சேரலாம். ஊர் மாறினால் அங்குள்ள கிளையில் தொடரலாம். சென்னைப் பெண்ணின் மகளான கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படித்தபோது சேர்ந்தார். 2024 ஜூலையில், துணை அதிபராக, டல்லாஸில் கூடிய இதே சகோதரிகள் முன் பேசினார். அரங்கெங்கும் சங்கத்தின் நிறங்களான இளஞ்சிவப்பும் பச்சையும்.

முதலாண்டுத் தனிமைக்கு முன்னது கைகொடுக்கும். நாற்பது வயதிலும் தொடர்பு வேண்டும் என்றால், என் ஓட்டு பின்னதற்கே. ஆனால் புதியவர்களை வதைக்கும் ‘ஹேசிங்’ பற்றி எங்கே சேர்ந்தாலும் முதலில் விசாரியுங்கள்.