பவளத் தொட்டிக்குக் கால்சியம் ஊட்டுதல்: ஏழு ஆண்டுகளில் நான் பழகிய நான்கு முறைகள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், கீழுள்ள சம்ப் எனும் துணைத்தொட்டியையும் சேர்த்து 280 லிட்டர் கடல்நீர் கொள்ளும் பவளத் தொட்டி ஒன்றை 2017 முதல் பராமரித்து வருகிறேன். முதல் ஆண்டில் மென்பவளங்கள் மட்டுமே இருந்ததால், வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதே போதுமானதாக இருந்தது. மாண்டிபோரா, அக்ரோபோரா என்ற கல்பவளங்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. கல்பவளங்கள் தங்கள் கூட்டைக் கட்டிக்கொள்ள, கால்சியத்தையும் கார்பனேட்டையும் ஏறக்குறைய மாறாத விகிதத்தில் நீரிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அல்கலினிட்டி, அதாவது நீரிலுள்ள கார்பனேட்டின் அளவைக் காட்டும் காரத்தன்மை, 1 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) குறையும்போது கால்சியம் சுமார் 7 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 7 பங்கு) குறையும். கடல்நீரில் கால்சியம் 400-க்குச் சற்று மேலே இருப்பதால் 7 குறைந்தாலும் டெஸ்ட் கிட்டில் தெரியாது. அல்கலினிட்டியோ கடலிலேயே 7 டி.கே.எச். அளவுதான் என்பதால், அதில் 1 குறைந்தாலே ஏழில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதனால்தான் நாள்தோறும் ஒரே நேரத்தில் அல்கலினிட்டியை அளந்து எழுதி வைக்கிறேன். கால்சியத்தை வாரம் ஒருமுறையும், 1300 பி.பி.எம். அருகே இருக்க வேண்டிய மக்னீசியத்தை மாதம் ஒருமுறையும் பார்த்தால் போதும்.

எந்த முறையும் கால்சியத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா போவதில்லை. நீரில் வேறொன்றை விட்டுச் செல்கிறது, அல்லது நீரிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. விலையைப் பார்த்து முறையைத் தேர்ந்த காலத்தில் எனக்கு இது புரியவில்லை.

2018-இல் நான் தொடங்கியது சுண்ணாம்புத் தெளிநீரில். 1970-களில் பீட்டர் வில்கன்ஸ் மீன் வளர்ப்பாளர்களிடையே பரப்பிய முறை இது. கால்க்வாசர் என்ற ஜெர்மன் பெயரே இன்றும் வழங்குகிறது. நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் நீற்றிய சுண்ணாம்பும் இதுவும் அடிப்படையில் ஒரே பொருள்தான் என்றாலும், தொட்டிக்குத் தூய்மை உறுதி செய்யப்பட்ட கால்சியம் ஹைட்ராக்சைடையே பயன்படுத்த வேண்டும். ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் ஏறத்தாழ ஒன்றரை கிராம்தான் கரையும். மிச்சம் அடியில் வண்டலாகத் தங்கிவிடும். கலக்கி வைத்த சில மணி நேரத்தில், காய்ச்சிய பால்மேல் ஆடை படிவதுபோல நீரின் மேல் மெல்லிய வெண்படலம் உருவாகும். காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக மாறுவதன் அடையாளம் அது. அந்த ஆடையையும் வண்டலையும் விட்டுவிட்டு, இடையிலுள்ள தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். இந்த முறை நீரில் வேறு உப்பு எதையும் விடுவதில்லை. தெளிநீரின் பி.எச். 12-க்கு மேல் இருப்பதால், இரவில் சரியும் தொட்டியின் பி.எச்.-ஐயும் இது தாங்கிப் பிடிக்கிறது. ஏசி போட்டு ஜன்னல்களை அடைத்துத் தூங்குவதால் கரியமில வாயு தேங்கிப் பி.எச். இறங்கும் எங்கள் வீட்டில் அது சிறிய உதவியன்று.

ஆனால் ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாகத்தான் தெளிநீரை ஊற்ற முடியும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில், நீரைக் குளிர்விக்கும் சில்லரும் ஓடும் என் தொட்டியில் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர்தான் ஆவியாகிறது. அவ்வளவு தெளிநீரும் 280 லிட்டருக்குக் கொடுப்பது கிட்டத்தட்ட 1 டி.கே.எச். மட்டுமே.

இரண்டாம் ஆண்டில் ஒரு காலை, விளக்கு எரிவதற்கு முன்பே தொட்டி பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. நீர்மட்டத்தை உணரும் மிதவையின் மேல் ஒரு நத்தை ஏறி அமர்ந்து அதை மேலெழ விடாமல் அழுத்தியிருந்தது. நிரப்பும் பம்ப் இரவு முழுவதும் ஓடி, வாளியிலிருந்த பத்து லிட்டர் தெளிநீரையும் இறக்கிவிட்டது. பி.எச். 9-ஐத் தாண்டியிருந்தது. சோடாவைச் சிறிது சிறிதாகச் சம்ப்பில் ஊற்றிக் கரியமில வாயுவைச் சேர்த்து அதைக் கீழே கொண்டுவர மாலையாகிவிட்டது. மீன்கள் பிழைத்தன. நுனிகள் நீலமாக வளர்ந்துகொண்டிருந்த இரண்டு அக்ரோபோராக்கள் அந்த வாரத்திலேயே தோலுரிந்து வெறும் எலும்பாயின. அவற்றை வெளியே எடுத்த நாளை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து தெளிநீரை மிதவையை நம்பி விடுவதில்லை. ஐந்து லிட்டர் கலத்திலிருந்து, அளந்து விடும் டோசிங் பம்ப் வழியாக மட்டுமே செலுத்துகிறேன். கலம் முழுவதும் ஒரே இரவில் இறங்கினாலும் அல்கலினிட்டி 2 டி.கே.எச்.-க்கு மேல் ஏறாது.

2020-இல் பவளங்கள் நாளொன்றுக்கு 1.5 டி.கே.எச். கேட்கத் தொடங்கியபோது இருகரைசல் முறைக்கு மாறினேன். ஒரு கலத்தில் கால்சியம் குளோரைடு, மற்றொன்றில் சோடியம் கார்பனேட். இரண்டாவதை வீட்டிலேயே செய்யலாம்: 594 கிராம் சமையல் சோடாவை 150 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் பரப்பி வைத்தால், நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறி எடை 375 கிராமுக்கு இறங்கும். தராசில் அந்த எண் வரும்வரை நான் ஓவனை அணைப்பதில்லை. இதையும் 500 கிராம் கால்சியம் குளோரைடையும் தனித்தனியே 3.8 லிட்டர் நீரில் கரைத்தால், என் தொட்டியில் ஒவ்வொன்றிலும் 54 மில்லி சேர்ப்பது 1 டி.கே.எச்.-க்கும் 7 பி.பி.எம். கால்சியத்துக்கும் ஈடாகும். இவ்வளவு துல்லியமாக எண்ணிச் சேர்க்கக்கூடிய முறை வேறில்லை. இரு குழாய்களையும் அருகருகே விட்ட முதல் மாதத்தில், சம்ப்பின் அந்த மூலையில் வெள்ளைக் காரை படிந்துவிட்டது. இப்போது சம்ப்பின் வெவ்வேறு தடுப்பறைகளில், வெவ்வேறு நேரங்களில் விடுகிறேன்.

இம்முறை விட்டுச் செல்வது உப்பு. கால்சியத்தையும் கார்பனேட்டையும் பவளம் எடுத்துக்கொண்ட பின், குளோரைடும் சோடியமும் சேர்ந்து சாதாரண உப்பாகவே நீரில் நிற்கின்றன. நாளொன்றுக்கு 1.5 டி.கே.எச். என்று கணக்கிட்டால், ஓராண்டில் லிட்டருக்கு 11 கிராமுக்கு மேல் சேரும். கடல்நீரின் மொத்த உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. நீர் மாற்றத்தில் பெரும்பகுதி வெளியேறிவிட்டாலும் உப்பளவைக் கவனித்துத் திருத்தாவிட்டால் அயனிகளின் விகிதம் மெல்லக் கெடுகிறது. இதை ஈடுசெய்யத்தான் ஹான்ஸ் வெர்னர் பாலிங் தம் முறையில், சோடியம் குளோரைடு இல்லாத கடல் உப்பை மூன்றாம் கரைசலாகச் சேர்த்தார். வாராந்திர நீர் மாற்றத்தைத் தவறவிடுபவர்கள் அந்த மூன்றாவது கலத்தை வீண்செலவாக எண்ணக் கூடாது.

கால்சியம் ரியாக்டரை 2021-இல் எட்டு மாதம் வைத்திருந்தேன். பவளத் துணுக்குகள் நிறைந்த குழலுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, பி.எச். 6.6 அளவில் அவற்றைக் கரைத்துத் தொட்டிக்குள் விடும் கருவி அது. கரைவது பவளமே என்பதால் கால்சியமும் அல்கலினிட்டியும் சரியான விகிதத்தில், சில சிறு தனிமங்களோடு கிடைக்கின்றன. பெரிய தொட்டிக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பேன். ஆனால் அதோடு வரும் கரியமில வாயுவால் என் வீட்டில் விடியற்காலை பி.எச். 7.75 வரை இறங்கியது. சிலிண்டரையும் ஊசி வால்வையும் அன்றாடம் சரிசெய்ய வேண்டியிருந்தது. விற்றுவிட்டேன்.

மகளின் படிப்பறையிலுள்ள 60 லிட்டர் தொட்டிக்கு 2022 முதல் கால்சியம் ஃபார்மேட் அடிப்படையிலான ஒற்றைக் கரைசலைத் தருகிறேன். ஒரே பம்ப், ஒரே குழாய், சிறிய இடம். ஃபார்மேட்டை நீரிலுள்ள பாக்டீரியாக்கள் சிதைத்த பிறகுதான் அது அல்கலினிட்டியாக மாறுகிறது. ஊற்றிய உடனே அளந்துவிட்டு, ஏறவில்லையே என்று மேலும் ஊற்றினால் சில நாள் கழித்து அளவு மீறி ஏறும். தொடங்கிய இரண்டாம் வாரத்தில் நான் செய்த தவறு அது. பாக்டீரியாக்கள் ஆக்சிஜனையும் செலவழிப்பதால் காற்றுக் குமிழ்களால் கழிவை நீக்கும் ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் நீரோட்டம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது பெரிய தொட்டியின் தேவை நாளொன்றுக்கு 1.8 டி.கே.எச். இரவு பத்து மணி முதல் காலை எட்டு மணி வரை தெளிநீர் சிறு சிறு தவணைகளாக இறங்கி அதில் 1-ஐத் தருகிறது, மீதி 0.8-க்கு இருகரைசலில் தலா 43 மில்லி பகலில் சேர்கிறது. முழுத் தேவைக்கும் இருகரைசலையே விட்டால் சேரும் உப்பில் பாதிக்கும் குறைவே இப்போது சேர்கிறது, விடியற்காலை பி.எச். 8-க்குக் கீழே போவதில்லை. சென்ற ஆண்டு ஒரு மாதம் அல்கலினிட்டி காரணமின்றிச் சரிந்தபோது, அளவுக் குவளையைப் பம்ப்பின் கீழே வைத்துப் பார்த்தேன்: 43 மில்லிக்கு 38-தான் விழுந்தது. உருளைகள் அழுத்தி அழுத்திப் பம்ப்பின் உள்குழாய் தளர்ந்துபோயிருந்தது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குவளை வைத்துச் சரிபார்க்கிறேன். உள்குழாயை ஆண்டுக்கொருமுறை மாற்றுகிறேன்.