முட்டி வலின்னு உருவிவிட்டாங்க, உடைஞ்சது தொடை எலும்பு

காங்கயம் பக்கம் பத்து வயசுப் பையன். ஒரு மாசமா முட்டி வலி, தாங்கித் தாங்கி நடை. முதல்ல காட்டுன இடத்துல முட்டிக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து, "கால்சியம் கம்மி"ன்னு மாத்திரை குடுத்தாங்க. அடுத்த இடத்துல சுளுக்குன்னு எண்ணெய் போட்டு உருவுனாங்க. திண்ணையிலிருந்து குதிச்சதும் தொடை எலும்போட கழுத்து, அதாவது இடுப்பு மூட்டுக்குள்ள இருக்கற உருண்டைத் தலைக்குக் கீழ சாய்வான பகுதி, முறிஞ்சுது. அப்பத்தான் இடுப்புக்கு எக்ஸ்ரே, எலும்புக்கு உள்ளே நீர்க்கட்டி, அதாவது நீர் ரொம்புன குழி.

இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் சில உணர்வு நரம்புகள் பொதுங்க. அதனால பிள்ளைங்களுக்கு இடுப்புக் கோளாறு முட்டி வலியாவே தெரியலாம். முட்டியில ஒண்ணும் இல்லைன்னா, இடுப்பை நேராவும் பக்கவாட்டாவும் ரெண்டு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க.

ஒத்தைக் கால்ல நின்னாலே இடுப்பு மூட்டுல உடம்பு எடையைப் போல ரெண்டரை, மூணு மடங்கு பாரம் ஏறும். 30 கிலோ பையன்னா 75 முதல் 90 கிலோ. எலும்புக் கழுத்து சாய்வா நிக்கறதால அந்தப் பாரம் அதை வளைக்கப் பாக்கும்: மேல் பக்கம் இழுபடும், கீழ் உள்பக்கம் நசுங்கும். நடுவுல இருக்கற பஞ்சு எலும்பை மட்டும் கட்டி தின்னிருந்தா ஓரளவு தாங்கும். கீழ் உள்பக்கச் சுவர் மெலிஞ்சிட்டா, கூன்வண்டு குடைஞ்ச தென்னை மாதிரிதான்.

கால்சியம் மாத்திரை இந்தக் குழியை ரொப்பாது, ஏன்னா இது சத்துக் குறைவால வர்றதில்லை. தோளுக்குக் கீழ மேல்கை எலும்புல இருந்தா பொறுத்துப் பாக்கலாம். பாரம் தாங்கற எடத்துல அப்படி விடக்கூடாது. சுவர் மெலிஞ்சிருந்தா உள்ளே சுரண்டி, மாற்று எலும்பு ரொப்பி, தகடோ திருகோ போடுவாங்க. கட்டிக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போடறதா இருந்தா, பல தடவை போட வேண்டி வரலாம்; அதுவரைக்கும் கழுத்துக்குத் துணை ஏதுமில்லை. சுரண்டி எடுத்ததைக் கட்டாயம் பயாப்சிக்கு அனுப்பணும், எக்ஸ்ரேயில இதே மாதிரி தெரியற எலும்புப் புற்றும் அபூர்வமா உண்டு.

கழுத்து முறிஞ்சா எலும்போட உருண்டைத் தலைக்குப் போற ரத்தக்குழாய் அறுந்து அந்த எலும்புத் தலையே செத்துப்போகலாம். கோணலா கூடுனா கால் குட்டையாயிரும்.

வயசானவங்களுக்கு மூட்டுத் தேய்மானத்தால வர்ற சின்னக் குழி வேற சங்கதி. அதையும் "நீர்க்கட்டி, உடைஞ்சிரும்"னு பயமுறுத்துனா அங்கயே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாம இன்னொரு எலும்பு டாக்டர்கிட்டக் காட்டுங்க.

கட்டின்னு தெரிஞ்சா அன்னிக்கிருந்தே அந்தக் காலை ஊன்ற விடாதீங்க. தூக்கிட்டுப் போங்க, இல்லைன்னா ஊன்றுகோல் குடுங்க. உருவறது, இழுக்கறது, கட்டுப் போடறது எதுவும் வேண்டாமுங்க. எக்ஸ்ரே ஃபிலிமைக் கேட்டு வாங்கிக்குங்க. போன்ல அனுப்பற படத்துல சுவரோட தடிமன் சரியாத் தெரியாது.