1914-ஆ, 1939-ஆ? முதல் இரும்புச் சிலுவையாக எதை வாங்கலாம்

ஜெர்மன் ராணுவப் பதக்கங்கள் சேர்க்க ஆரம்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவையைத்தான். சந்தையில் சாதாரணமாக மூன்று வகை கிடைக்கும்: முதல் உலகப் போரின் 1914, இரண்டாம் உலகப் போரின் 1939, அப்புறம் 1957-இல் வந்த மாற்று வடிவம். அதே மேசையின் ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் இன்னொன்றும் உண்டு, 1934-இன் கௌரவச் சிலுவை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1914-ஐ வாங்குங்கள். 1939-ஐக் கண் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஜெர்மனியில் வேலை பார்த்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் நான் வாங்கிய முதல் சிலுவை 1939. நடுவில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நாஜிகளின் ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்ட அங்கே சட்டத் தடை உண்டு என்பதால் விற்பவர்கள் அப்படி மறைத்து வைப்பார்கள். கையோடு கொண்டுபோன காந்தத்தை வைத்தேன், டக்கென்று ஒட்டியது. உள்ளே இரும்பு இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரை உரித்து லென்ஸில் பார்த்தால், ஸ்வஸ்திகாவின் விளிம்புகள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கிக் கிடந்தன. சிலுவையைத் தொங்கவிடும் நாடாவைப் புற ஊதா விளக்கில் காட்டினேன். வெள்ளைக் கோடுகள் நீலமாக மின்னின. துணியைப் பளிச்சென்று காட்டும் அந்த ரசாயனம் போருக்குப் பிறகுதான் நூலில் பரவலாகச் சேர்ந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நல்ல சிலுவை எப்படி இருக்கும் என்பதை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அது மூன்று துண்டு. நடுவில் கறுப்பு பூசிய இரும்புத் தகடு, அதற்கு முன்னும் பின்னும் வெள்ளிச் சட்டம். இரண்டு சட்டங்களையும் ஓரத்தில் சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். 1813 மார்ச் 10 என்ற தேதியிட்டு, நெப்போலியனுக்கு எதிரான போருக்காக, பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் இதை நிறுவினார். கட்டடக் கலைஞர் ஷிங்கல் வடிவத்தை முடித்துக் கொடுத்தார். மக்கள் தங்க நகையைப் போர் நிதிக்குக் கொடுத்துவிட்டு இரும்பு நகை அணிந்த காலம் அது. அதனால்தான் ஒரு நாட்டின் பதக்கத்துக்கு இரும்பு நடுநாயகமாக வந்தது.

1914 சிலுவையின் முன்பக்கம் மேலே மகுடம், நடுவில் அப்போதைய பேரரசர் வில்ஹெல்மின் W, கீழே 1914. பின்பக்கம் மகுடத்தோடு, நிறுவிய மன்னர் ஃபிரெட்ரிக் வில்ஹெல்மின் FW, நடுவில் ஓக் இலைகள், கீழே 1813. இத்தனை நுணுக்கம் இருப்பது நமக்கு நல்லது. வார்ப்பில் போலி செய்கிறவனுக்கு முதலில் கைவிட்டுப் போவது ஓக் இலையின் நரம்புதான். அடுத்தது சட்டத்தின் உள்விளிம்பில் ஓடும் மணிவரிசை. அசலில் அச்சடித்த மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். போலியில் அவை ஒன்றோடொன்று ஒட்டி, இடையிடையே குமிழி வெடித்த பள்ளங்கள் தெரியும். சிலுவையைப் பக்கவாட்டில் திருப்பி ஓரத்தைப் பாருங்கள். இரண்டு சட்டங்கள் சேர்ந்த கோட்டை அரத்தால் தேய்த்து மறைத்திருப்பார்கள், ஆனாலும் மூலைகளில் அது மிச்சமிருக்கும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளி உண்டு, நூறு வருட அழுக்கும் துருவும் சேர்வது அங்கேதான். ஒரே துண்டாக வார்த்ததில் அந்த இடைவெளியே இருக்காது.

முதல் உலகப் போரில் 50 லட்சத்துக்கும் மேல் இரண்டாம் வகுப்புச் சிலுவைகள் கொடுத்தார்கள். அதனால் சாதாரண ஒன்று பெரும்பாலும் 100 யூரோவுக்குள் கிடைத்துவிடும். அந்த விலைக்கு மெனக்கெட்டு மூன்று துண்டில் போலி செய்ய யாருக்கும் பெரிய லாபமில்லை.

நமக்கு இதில் இன்னொரு ஒட்டுதலும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லருக்கு முதல் வகுப்பு இரும்புச் சிலுவை கிடைத்தது. அவருடைய ஆட்களில் பலருக்கு இரண்டாம் வகுப்பு. "அவன் சரியான எம்டன்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த எம்டன்தான். 1914 என்று பொறித்த ஒரு சிலுவையைக் கையில் எடுக்கும்போது எனக்கு அந்த இரவு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

இப்போது 1939. அந்த ஆண்டு செப்டம்பர் 1, போலந்துக்குள் படை நுழைந்த அதே நாளில் ஹிட்லர் இதை மீண்டும் கொண்டுவந்தார். முன்பக்கம் ஸ்வஸ்திகாவும் 1939-உம், பின்பக்கம் 1813 மட்டும். 42 மில்லிமீட்டர் இருந்த சிலுவை 44 ஆனது, நாடாவின் நடுவில் அகலமான சிவப்பு வந்தது. வடிவம் எளிமையானதால் போலி செய்வதும் எளிதாயிற்று. விலையும் தேவையும் கூடுதல் என்பதால் கைதேர்ந்தவர்கள் எல்லாம் இங்கேதான் வேலை காட்டுகிறார்கள். நாடா கோக்கும் வளையத்தில் தயாரிப்பாளரின் எண் இருந்தால் அசல் என்று நினைக்காதீர்கள். 65 என்றால் க்ளைன் அண்ட் க்வென்ஸர் நிறுவனம், 4 என்றால் ஸ்டைன்ஹவர் அண்ட் லுக் நிறுவனம் என்று நாம் படித்துவைத்திருக்கிற அதே பட்டியலைப் போலி செய்கிறவனும் படித்திருக்கிறான். எண்ணே இல்லாத அசல்களும் ஏராளம். இதைவிட மோசம் கலப்பு வேலை. 1939-இன் ஆரம்பத்தில் பழைய சிறிய அளவிலேயே சில சிலுவைகள் செய்தார்கள். சேகரிப்பவர்கள் அவற்றை 'ஷிங்கல்' என்பார்கள், விலை பல மடங்கு. ஒரு 1914 சட்டத்தைப் பிரித்து, உள்ளே 1939 தகட்டைச் செருகி, ஷிங்கல் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் அசல், வெள்ளி அசல், சேர்க்கை பொய். புதிதாக வருகிறவரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த ஸ்வஸ்திகாவை வீட்டில் வைத்துக்கொள்வது பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அது யாருடைய சின்னம், அதன் கீழ் என்ன நடந்தது என்று தெரிந்தேதான் வாங்க வேண்டும். ஆவணமாகச் சேர்ப்பது வேறு, அலங்காரமாகக் கூடத்தில் மாட்டுவது வேறு. மாட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

1957 வடிவத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டு மேற்கு ஜெர்மனி கொண்டுவந்த சட்டம், போரில் பதக்கம் வாங்கியவர்கள் ஸ்வஸ்திகா இல்லாத வடிவத்தை அணியலாம் என்றது. நடுவில் ஓக் இலை வந்தது, கீழே 1939 அப்படியே இருந்தது. தயாரிப்பு நேர்த்தி, நல்ல சட்டம் எப்படி இருக்கும் என்று பழக உதவும். ஆனால் எந்தப் போர்முனையையும் பார்த்திராத பொருள் அது.

கௌரவச் சிலுவைக்கு வருகிறேன். அப்போதைய ஜெர்மன் அதிபர் ஹிண்டன்பர்க் 1934 ஜூலை 13-இல் முதல் உலகப் போர்க்காரர்களுக்காக நிறுவியது. போர்முனையில் நின்றவருக்கு வாளோடு, மற்றவருக்கு வாளில்லாமல், போரில் இறந்தவரின் மனைவிக்கோ பெற்றோருக்கோ கறுப்பில். லட்சக்கணக்கில் கொடுத்ததால் விலை மிகக் குறைவு, ஸ்வஸ்திகா கிடையாது, போலியும் அரிது. விண்ணப்பித்து வாங்க வேண்டியது என்பதால் பெயரும் தேதியும் உள்ள சான்றிதழோடு கிடைப்பதுண்டு. முதல் போரில் ஜெர்மனிக்காகச் சுமார் 1 லட்சம் யூதர்கள் படையில் இருந்தார்கள், 12,000 பேர் இறந்தார்கள். உயிரோடு இருந்தவர்களுக்கும் இந்தச் சிலுவை கிடைத்தது. சான்றிதழில் அச்சிட்டிருந்த வாசகம் 'ஃபியூரரின் பெயரால்', அதாவது ஹிட்லரின் பெயரால், என்பது. அப்படியொரு தாள் கண்ணில் பட்டால் அதைச் சிலுவையிலிருந்து ஒருபோதும் பிரித்துவிடாதீர்கள்.

காந்தம் பற்றி ஒன்று. காந்தம் ஒட்டாத அசல்களும் உண்டு. கப்பலின் திசைகாட்டி கெடக்கூடாது என்று கடற்படைக்குத் தனியாகப் பித்தளையில் செய்தது என்று கதை சொல்லி விலையை ஏற்றுவார்கள். அந்தக் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். நாடா மின்னினாலும் உடனே சிலுவையை ஒதுக்க வேண்டாம். பழைய சிலுவைக்குப் புது நாடா மாட்டியிருக்கலாம், பழைய நாடாவையே இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருக்கலாம். நான் இப்போது வாங்குவதற்கு முன் விற்பவரிடம் மூன்று படங்கள் கேட்கிறேன்: பக்கவாட்டு ஓரம், வளையம், உள்மூலையின் மணிவரிசை. ஓரத்தின் படத்தை அனுப்பத் தயங்கினால் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவேன்.