11 மாதம், 46 ஓஎம்ஆர் தாள்: வீட்டிலிருந்தே நீட் பயிற்சி செய்த அனுபவம்

கடலூர் முதுநகர்க்காரி நான். அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2024 மே 5, 2025 மே 4 என்று இரண்டு தடவை நீட் எழுதினேன். நடுவில் இருந்த 11 மாதம் வீட்டிலேயே உட்கார்ந்து, பழைய கேள்வித்தாள்களையும் ஜெராக்ஸ் எடுத்த ஓஎம்ஆர் தாள்களையும் (விடைக்கான வட்டத்தை நிரப்புகிற தாள்) வைத்துப் பயிற்சி. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பாடத்தை எப்படிப் படிப்பது என்று கேட்டு வந்திருந்தால் இது உங்களுக்கானது இல்லை.

முதல் தடவை நான் முழுக்க நம்பியது செல்போனை. ஒரு ஆப்பில் 60 மாதிரித் தேர்வுக்கு மேல் எழுதினேன். விடையைத் தொட்டால் பச்சை, மனசு மாறினால் இன்னொன்றைத் தொடலாம். நிஜத் தேர்வில் கறுப்புப் பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும், நிரப்பியதை மாற்ற முடியாது. ஒரு வட்டத்துக்கு 5 நொடி என்று வைத்தாலும் 180 வட்டத்துக்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம் என் கணக்கிலேயே இல்லை. விடை தெரிந்து, கேள்வித்தாளில் டிக் அடித்து வைத்திருந்த 14 கேள்விகளுக்கு வட்டம் போடுவதற்குள் மணி அடித்துவிட்டது. 331 மதிப்பெண். தேர்வு முடிந்த அன்று புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும்வரை பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஜூனில் ஆப்பை அழித்துவிட்டு, திருப்பாப்புலியூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஓஎம்ஆர் தாள் 50 எடுத்தேன். கடைக்கார அண்ணன் அப்புறம் என்னைப் பார்த்தாலே, "என்னம்மா, இன்னிக்கும் வட்டமா?" என்பார். ஞாயிறுதோறும் மதியம் 2 மணிக்கு உட்கார்ந்தால் 5.20க்குத்தான் எழ வேண்டும். ஏன் 2 மணி? நிஜத் தேர்வு அந்த நேரம்தான். சாப்பிட்டதும் கண்ணைச் சொருகும். வெளியே ஐஸ் லாரி சத்தம், கருவாட்டு வாசனை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. முதல் மூன்று வாரம் மூன்றரை மணிக்கே தலை மேசையில் சாய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கிய பிறகு சரியானது. மே 4 கத்திரி தொடங்குகிற நாள் என்பதையும் மறக்காதீர்கள்.

ஒன்பதாவது தாளில் ஒரு கூத்து. 61ஆம் கேள்வியை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். 62க்கான விடையை 61இல் நிரப்பிவிட்டேன். அப்படியே ஒரு வரிசை தள்ளி 23 வட்டம். வியர்வைக் கை வேறு, மை இழுகிக் கிடந்தது. அன்றைக்கு எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து, ஒரு பக்கத்துக் கேள்விகளை முடித்ததும் அந்தப் பக்கத்துக்கு மட்டும் வட்டம் போட்டு, கடைசி எண் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தாளைத் திருப்புவேன். இந்தப் பழக்கம் ஒன்றுக்காகவே ஜெராக்ஸ் காசு செரித்துவிட்டது.

சரியான விடைக்கு 4, தப்புக்கு மைனஸ் 1 என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் கை கேட்காது. பதினான்காவது தாளில் 180ஐயும் எழுதினேன்: 110 சரி, 70 தப்பு, ஆக 370. அந்த 70இல் 40 வெறும் குருட்டாம்போக்கு. அவற்றைத் தொடாமல் விட்டிருந்தால் 410. அன்றிலிருந்து தப்புகளை நோட்டில் இரண்டாகப் பிரித்து எழுதினேன்: தெரியாமல் போட்டது, தெரிந்தும் அவசரத்தில் விட்டது. இரண்டாவது பக்கத்தைப் பார்க்கத்தான் வயிறு எரியும்.

பழைய தாள்களில் இரண்டு சிக்கல். ஒன்று, 2024க்குப் பாடத்திட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். வேதியியலில் திண்ம நிலைமை, பலபடிகள், எஸ் தொகுதித் தனிமங்கள் எல்லாம் இப்போது இல்லை. அவற்றை அடித்துவிட்டு எழுதுங்கள், நான் இரண்டு மாதம் வீணாக்கினேன். இன்னொன்று தமிழ். தமிழைத் தேர்ந்தெடுத்தால் கேள்வித்தாள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வரும், சந்தேகம் வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். 2018 தாளில் 49 கேள்விகளின் தமிழாக்கம் பிழை என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது, பிறகு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்தத் தாளையும் எழுதினேன், எரிச்சலோடுதான். ஆனால் தமிழில் படிக்கும்போது ஏதோ இடறினால் உடனே ஆங்கில வரிக்குக் கண் போகிற பழக்கம் அதில்தான் வந்தது. நம் தலையெழுத்து, கலைச்சொல்லை இரண்டு மொழியிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

பெரிய அதிர்ச்சி 2025 ஜனவரியில். அதுவரை 200 கேள்வி, அதில் 180 எழுதினால் போதும், 200 நிமிடம். திடீரென்று 180 கேள்வி, 180 நிமிடம், சாய்ஸ் கிடையாது என்றார்கள். 30 தாளுக்கு மேல் பழைய கணக்கில் எழுதியிருந்தேன். உயிரியலின் 90 கேள்விகளை 45 நிமிடத்தில் வட்டத்தோடு முடிப்பது, பிறகு வேதியியல், கடைசியில் இயற்பியல் என்று மறுபடி பழக மூன்று மாதம் ஆனது.

2025இல் இயற்பியல் எல்லோரையும் போட்டுப் பார்த்துவிட்டது. எனக்கு 108 சரி, 24 தப்பு, 48 தொடவே இல்லை: 408. முந்தைய வருடத்தோடு வெறும் எண்ணை ஒப்பிடாதீர்கள். 2024இல் முதலிடம் 720, 2025இல் 686. எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை, பல் மருத்துவத்தில் இடம் கிடைத்தது. இயற்பியல் சொல்லித்தர ஓர் ஆசிரியர் இருந்திருந்தால் அந்த 48 குறைந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஓஎம்ஆர் தாள் நேரத்தைக் கற்றுக்கொடுக்கும், நிலைமின்னியலைக் கற்றுக்கொடுக்காது.

மீதி நான்கு தாள் தம்பியிடம் இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கிறான். ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபேனுக்கடியில் உட்கார்ந்து எழுதுகிறான். மதியம் இரண்டு மணிக்கு எழுதுடா என்றால், "வெயில்ல எவன்க்கா எழுதுவான்?" என்கிறான்.