காக்கையா, கதவா?

இந்தித் திணிப்புக்கு எதிராக அண்ணா சொன்ன இரண்டு உவமைகள் இன்றும் மேடைகளில் உலவுகின்றன. அதிகம் பேர் பேசுவதால் இந்தி ஆட்சிமொழி என்றால், எண்ணிக்கையில் மிஞ்சிய காக்கையை விட்டுவிட்டு மயிலை ஏன் தேசியப் பறவை ஆக்கினீர்கள் என்பது ஒன்று. கைதட்டல் நிச்சயம். ஆனால் மயிலை அழகுக்காக எடுத்தோம், மொழிக்கு அழகா அளவுகோல் என்று யாராவது மடக்கினால் கொஞ்சம் தடுமாற வேண்டும்.

இன்னொன்று, பெரிய நாய்க்குப் பெரிய கதவும் சின்ன நாய்க்குத் தனியாகச் சின்னக் கதவும் வைத்தவரின் கதை. பெரிய கதவிலேயே சின்ன நாயும் போகுமே! உலகத்தோடு பேச உதவும் ஆங்கிலம், மாநிலங்கள் தங்களுக்குள் பேசவும் போதும் என்கிறார். சொல்ல நேரம் பிடிக்கும், முழக்கமாகச் சுருங்காது. டீக்கடைப் பேச்சுக்குக் காக்கை சரி. அவையில் எதிராளி உட்கார்ந்திருந்தால் நான் கதவைத்தான் எடுப்பேன்.