கேப் போடும் முன் உள்ளே என்ன கட்டுகிறார்கள் என்று கேளுங்கள்: ஒரு மாதச் சம்பளமும் போச்சு, பல்லும் போச்சு

நேற்று இரவு அக்காவின் கீழ்க் கடைவாய்ப்பல்லில் போட்ட கேப் கழன்று கையோடு வந்துவிட்டது. போட்டு 11 வாரம்தான் ஆகிறது. அதற்கு அவள் கட்டியது முழுதாக ஒரு மாதச் சம்பளம், ஒரே தவணையில். இன்று காலை வேறொரு பல் மருத்துவரிடம் காட்டினோம். வேர் பிளந்திருக்கிறது, எடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. பல கிளைகள் வைத்துக்கொண்டு, வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்த்து ஒரே தொகுப்பு என்று விளம்பரம் செய்கிற மருத்துவமனை, அவ்வளவு போதும். என்னென்ன கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான் கேப் செய்யும் லேபில் வேலை பார்ப்பவன். விழுந்த கேப்பைத் திருப்பிப் பார்த்த உடனே வயிறு எரிந்தது. கேப் மட்டும் கழன்றிருந்தால் உள்ளே வெறும் சிமென்ட் படலம்தான் இருக்கும், செதுக்கிய பல் வாயில் அப்படியே நிற்கும். அதைச் சுத்தம் செய்து திரும்ப ஒட்டிவிடலாம். இதிலோ கேப்புக்குள் கோர் மொத்தமும் கெட்டியாக உட்கார்ந்திருந்தது, அதன் அடியிலிருந்து மரை வெட்டிய உலோக போஸ்ட் ஒன்று, அதாவது வேருக்குள் இறக்கும் சின்னத் தண்டு, நீட்டிக்கொண்டிருந்தது. கேப்புக்கும் கோருக்கும் இடையில் ஒட்டு விடவில்லை. கோருக்கும் பல்லுக்கும் இடையில்தான் விட்டிருக்கிறது. வாயில் மிஞ்சியது நாக்குப் பக்கம் ஒரு சுவரும், கன்னப் பக்கம் ஈறு மட்டத்தில் ஒரு பள்ளமும்தான்.

தெரியாதவர்களுக்காக: பல்லின் பெரும்பகுதி சொத்தையில் போய்விட்டால் கேப் பிடித்து நிற்க உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த இழந்த பகுதியை அடைப்புப் பொருளால் கட்டி எழுப்புவதுதான் கோர். பில்லில் 'கோர் பில்டப்' என்று ஒரு வரி இருக்கும், யாரும் அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். கேப் ஜிர்கோனியாவா, மெட்டலா, என்ன நிறம், எத்தனை வருட வாரண்டி என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பல் நிற்பதும் விழுவதும் கேட்காத அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அக்கா நம்பிய இடம் எது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த மருத்துவர் எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, "பாதிக்கு மேல போயிடுச்சு மேடம், ஆனா பயப்படாதீங்க, ஒரு போஸ்ட் போட்டுட்டா இரும்புத் தூண் மாதிரி நிக்கும்" என்றாராம். பல்லைப் பிடுங்கச் சொல்லிவிடுவார்களோ என்று நடுங்கிப் போனவளுக்கு அது தெய்வ வாக்காகக் கேட்டிருக்கிறது. "இன்னைக்கே முழுசா கட்டிட்டா தொகுப்பு விலை" என்றதும் கார்டை நீட்டிவிட்டாள். ஒரு மாதச் சம்பளம்.

அந்த வாக்கியமே பொய். போஸ்ட் பல்லுக்கு வலு கொடுக்காது. கோருக்குப் பிடிமானம் கொடுக்கும், அதோடு சரி. அதற்கு இடம் செய்ய வேருக்குள் இருக்கும் டென்டினை, அதாவது பல்லின் உட்சுவரை, கடைய வேண்டும், கடையக் கடைய வேர் மெலியும். கடைவாய்ப்பல்லில் நரம்பு இருந்த நடுக் குழியே அகலமானது. சுவர்கள் ஓரளவு இருந்தால் அந்தக் குழியின் பிடிமானத்திலேயே கோர் நிற்கும், பல நேரங்களில் போஸ்ட்டே தேவைப்படாது. போட்டே ஆக வேண்டும் என்றால் கீழ்க் கடைவாய்ப்பல்லில் பின்பக்க வேரில்தான் போடுவார்கள், அதுதான் அகலம், அதுதான் நேர். முன்பக்க வேரின் குழாய்கள் ஒடுக்கமானவை, வளைந்தவை. அக்காவுக்கு முன்பக்க வேரில் போட்டிருக்கிறார்கள். அதுவும் மரை போட்டதைத் திருகி இறக்கியிருக்கிறார்கள். மரை வேரின் சுவரைக் கடித்துக்கொண்டு இறங்கும், அந்த அழுத்தம் ஆப்பு அடித்த மாதிரி. இன்று பிளந்திருப்பதும் அதே முன்பக்க வேர்தான்.

அந்த போஸ்ட்டை அளந்தேன். வேருக்குள் இறங்கியது 4 மி.மீ. மேலே கேப்பின் உயரம் 6 மி.மீ. உள்ளே இருக்கும் நீளம் குறைந்தது கேப்பின் உயரம் அளவாவது இருக்க வேண்டும், வேரின் நுனியில் கட்டாபெர்ச்சா (வேர் சிகிச்சையில் நிரப்பும் ரப்பர் மாதிரியான பொருள்) அடைப்பு 4 முதல் 5 மி.மீ. வரை கலையாமல் மிஞ்சவும் வேண்டும். வளைந்த வேரில் இரண்டும் சேர்ந்து அமையாது என்றால் அங்கே போஸ்ட் போடக் கூடாது என்றுதான் அர்த்தம்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு ஃபெரூல் இல்லாதது. கேப்பின் விளிம்புக்கு மேலே, கோர் அல்லாத சொந்தப் பல் 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்குச் சுற்றிலும் நிற்க வேண்டும், தடிமனும் 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போடுகிற மாதிரி கேப் அந்தச் சொந்தப் பல்லை இறுக்கிப் பிடிக்கும். மெல்லும்போது பக்கவாட்டில் வரும் விசையை அந்தப் பிடிதான் தாங்குகிறது. அது இல்லையென்றால் ஒவ்வொரு கடிக்கும் கோர் நூலளவு அசையும், சிமென்ட் உடைந்து எச்சில் உள்ளே கசியும், போஸ்ட் கடப்பாரை மாதிரி வேரை நெம்பும். அக்காவுக்குக் கன்னப் பக்கம் ஃபெரூல் பூஜ்யம். கேப்பின் விளிம்பு கோரின் மேலேயே முடிந்திருக்கிறது. லேபுக்கு வரும் வண்ண ஸ்கேன்களில் இதைப் பார்த்திருக்கிறேன். விளிம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினால், "இருக்கிறதை வெச்சு பண்ணிக் குடுங்க" என்று பதில் வரும்.

ஃபெரூல் இல்லாத பல்லுக்கு வழியே இல்லையா என்றால், உண்டு. ஈறையும் எலும்பையும் கொஞ்சம் குறைத்துப் பல்லை வெளியே காட்டலாம். கேப்பின் விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. விட வேண்டும். கடைவாய்ப்பல்லில் வேர் பிரியும் இடம் வெளியே வந்துவிடுமா என்று முதலில் பார்க்க வேண்டும், ஆறவும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒற்றை வேர்ப் பல்லாக இருந்தால் கம்பி போட்டு மெதுவாக மேலே இழுக்கலாம். இரண்டுக்கும் தோதில்லை என்றால், "இந்தப் பல் நிற்காது" என்று முகத்துக்கு நேராகச் சொல்வதுதான் நேர்மை. தொகுப்பு விலையில் அந்த வரி இல்லை போலும்.

கோரின் பொருள் என்ன தெரியுமா? வெறும் கிளாஸ் அயனோமர் என்கிற அடைப்பு சிமென்ட். சுவர்கள் நன்றாக இருக்கும் பல்லில் சின்னச் சின்னப் பள்ளம் அடைக்க அது போதும். பாதிக்கு மேல் போன கடைவாய்ப்பல்லைத் தனியாகத் தாங்க அதற்குத் தெம்பு கிடையாது. இங்கே கோருக்கென்றே வரும் காம்போசிட் என்கிற பிசின் அடைப்பைப் போட்டிருக்க வேண்டும். அதை ஒட்டுவதற்கும் முறை உண்டு: பழைய அடைப்பையும் சொத்தையையும் முழுக்க எடுத்துவிட்டு, எச்சில் படாமல் பல்லைத் தனியாக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் மாட்டி, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை டென்டினில் 15 விநாடி வைத்துக் கழுவி, டென்டினைச் சுண்டக் காய விடாமல் ஈரத்தை மட்டும் எடுத்து, பாண்டிங் என்கிற ஒட்டுத் திரவம் தடவி ஒளி காட்ட வேண்டும். ஒளியில் மட்டும் இறுகும் வகையென்றால் 2 மி.மீ. அடுக்காகத்தான் வைக்க வேண்டும், மொத்தமாக அடைத்தால் அடியில் வேகாமல் கிடக்கும். ஈறு மட்டத்தில் ரத்தம் கசிந்து பாண்டிங்கில் பட்டால் அத்தனையும் வீண். அக்காவுக்கு ரப்பர் டேம் என்ற ஒன்றே மாட்டவில்லை. பஞ்சுருளை இரண்டு வைத்தார்களாம், வாய் முழுக்க எச்சில் இருந்ததாம். கேப்புக்குள் கோரின் அடியை ஊசியால் சுரண்டினேன். பழுப்பாக, மெதுமெதுவென்று சொத்தை டென்டின் ஒட்டிக்கொண்டு வந்தது. சொத்தையின் மேலேயே கட்டியிருக்கிறார்கள்! அழுகின பலகையில் ஆணி அடித்த கதை.

இனி, விழுந்த பிறகு நடந்தது. நேற்று இரவே போன் செய்தால், "டாக்டர் இல்லை மேடம், காலைல கூப்பிடுங்க." காலையில், "அவங்க இப்ப வேற பிரான்ச்." அதற்கப்புறம், "நீங்க ஏதாவது கெட்டியா கடிச்சிருப்பீங்க." வாரண்டி அட்டையை எடுத்துப் படித்தால், "வாரண்டி கேப்புக்குத்தான், கேப் உடையலையே?" ஆமாம், கேப் உடையவில்லை, பல்தான் உடைந்தது. கடைசியில், "வாங்க, ஒட்டிக் குடுத்துடறோம், சார்ஜ் தனி." பிளந்த வேரில் எதை ஒட்டுவார்கள்? போஸ்ட் போட்ட பிறகு எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டால், எடுக்கவே இல்லையாம். ஒரு மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்க மனசு வரவில்லை.

வேர் பிளந்ததை இன்று காலை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈறைச் சுற்றி அளவுகோல் விட்டுப் பார்த்தபோது எல்லா இடத்திலும் 2, 3 மி.மீ. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சடாரென்று 8 மி.மீ. இறங்கியது. ஈறு நோயில் பள்ளம் அகலமாக இருக்கும். இப்படி ஒற்றைக் கோடாக ஆழம் போனால் பிளவைத்தான் சந்தேகிப்பார்கள். உருப்பெருக்கியில் பார்த்தபோது கோடே தெரிந்தது. மூன்று வாரமாகவே அந்த இடத்தில் சின்னக் கொப்புளம் வந்து வந்து போயிருக்கிறது. கேப் போட்ட இடத்தில் கேட்டதற்கு, "ஈறு பழகிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். சொத்தையை எடுத்து முடித்ததும் கண்ணாடியிலோ போட்டோவிலோ பல்லைக் காட்டச் சொல்லுங்கள், சுற்றிலும் சொந்தப் பல் எத்தனை மி.மீ. நிற்கிறது என்று கேளுங்கள். கோர் எந்தப் பொருள், போஸ்ட் எதற்கு, எந்த வேரில் என்று கேளுங்கள். ரப்பர் டேம் மாட்டாமல் ஒட்ட விடாதீர்கள். கோர் கட்டின எக்ஸ்ரேயைக் கையில் வாங்காமல் மீதிப் பணம் கட்டாதீர்கள், முழுப் பணத்தை முதல் நாளே கட்டவே கட்டாதீர்கள். கேப் விழுந்தால் வீட்டில் பசை போட்டு ஒட்டாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். கழுவாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அக்காவுடையது இப்போது என் மேஜையில், கோரும் போஸ்ட்டும் அந்தச் சொத்தையும் ஒட்டியபடியே இருக்கிறது. நாளை அதை எடுத்துக்கொண்டு நேரில் போகிறோம்.