படிவமா, நேர்ப்பேச்சா?

மறதிநோய் உள்ளவர் வார்டில் சேர்ந்ததும் அவரைப் பற்றிக் குடும்பத்திடம் எப்படிக் கேட்பது என்று பல நர்ஸ்களுக்கும் குழப்பம்.

நேரம்: படிவத்தை அவர்களே நிரப்பிவிடுவார்கள். பேச்சுக்கு நீங்கள் உட்கார வேண்டும்.

நிலைப்பு: படிவம் கோப்பில் இருக்கும். பேசியதை எழுதாவிட்டால் ஷிஃப்ட் மாறும்போதே போச்சு.

ஆழம்: இங்கே பேச்சுதான் முந்துகிறது. ‘குழப்பம் உண்டா?’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டால்தான் “முந்தாநாள்வரை நன்றாகப் பேசினாரே” என்பது வெளியே வரும். ஓரிரு நாளில் வந்த குழப்பம் என்றால் டெலிரியமாக, அதாவது உடல்நலக் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பமாக இருக்கலாம். நோய்த்தொற்றா, புது மருந்தா என்று உடனே பார்க்க வேண்டும். நோயாளியின் எதிரில் கேட்காதீர்கள், மகளோ மனைவியோ பாதியை விழுங்கிவிடுவார்கள்.

படிவத்தையும் தள்ளிவிட முடியாது. நோயாளியின் நினைவாற்றலும் சிந்தனையும் எப்படி மாறியிருக்கின்றன என்று குடும்பத்திடம் கேட்பது ஐக்யூகோட் (IQCODE) கேள்வித்தாள். அதன் குறுவடிவம் 16 கேள்விகளில், 10 ஆண்டுகளுக்கு முன்பு இருந்த நிலையோடு ஒப்பிடச் சொல்கிறது. பேச்சில் இந்த ஒழுங்கு வராது.

எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும், கண்ணாடி, காதுக்கருவி, தூங்கும் நேரம் ஆகியவற்றுக்குப் படிவம் போதும். திடீர் மாற்றம், வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.